பாலம் வளர்க்கும் மலைநாடு

பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்தவர்களுள் சிரபுஞ்சி என்ற பெயரை நெட்டுருப் போடாதவர் எவரும் இரார். உலகத்திலே மிகுதியாக மழை பெய்யும் ஊர் எது என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டதோடு அவ்வூருக்கும் நமக்குமுள்ள சம்பந்தம் தீர்ந்துபோயிற்று. அந்த மழையிலே ஜனங்கள் எப்படி வயலில் இறங்குகிறார்கள், எப்படி ஆற்றைக் கடக்கிறார்கள் என்று ஆசிரியரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. அவ்வூரார் தம் ஊரைச் சோரா என்றே வழங்குகிறார்கள் என்பதுகூட நம்மில் பலர் அறியாத செய்தி.

மேகாலயத்தின் காசி மலைகள் (கங்கைக்கரையிலுள்ள காசி வேறு, இந்தக் காசி இன மக்களின் நாடு வேறு) தெற்கே வங்காள தேசத்துச் சில்ஹட் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்குகின்றன. வங்காள விரிகுடாவிலே புறப்பட்ட கார்மேகம், தடுப்பார் எவருமின்றி அந்தத் தாழ்ந்த சமவெளியின் மேல் நெடுந்தூரம் தவழ்ந்து வந்து, திடீரென்று எதிர்ப்படும் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைமதிலிலே முட்டி, மேலேறும்போதே குளிர்ந்து, சுமந்து வந்த ஜலத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. 1860 ஆகஸ்டு தொடங்கி 1861 ஜூலை முடியச் சோராவில் பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். சென்னையிலே பதினெட்டு ஆண்டுகளில் பெய்யக்கூடியதை அந்த மலை ஓராண்டிலே ஏற்றுக்கொண்டது. இப்போது சராசரிக் கணக்கிலே பக்கத்து ஊரான மௌசின்ராம் சற்றே முந்தி நிற்கிறது.

இத்தனை மழை பெய்தும், மார்கழி தை மாதங்களில் சோராவின் ஸ்திரீகள் நெற்றியிலே பட்டை கட்டி முதுகிலே தொங்கவிட்ட கூம்புக் கூடைக்குள் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஊற்றைத் தேடி மலைச்சரிவிலே ஏறி இறங்குகிறார்கள் என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது. காடு அழிந்த மேட்டிலே மேல்மண்ணை மழையே அரித்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய பாறை தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. ஷில்லாங்குக்கு அருகே மௌப்லாங்கில் தெய்வத்துக்கென்று விடப்பட்ட சோலை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுபோகலாகாது என்பது விதி. அந்த நிழலுக்குள்ளே புகுந்தால் காலடியில் மெத்தென்று அமிழும் சருகும், கல்லிலும் கிளையிலும் கனத்துப் படர்ந்த பாசியும், மலை முழுவதும் ஒருகாலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லாமற் சொல்கின்றன.

மழையோடு வாழும் வித்தையை அம்மக்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். குடை ஒரு கையைப் பறித்துக்கொள்ளும். குனிந்து களை எடுப்பவளுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே மூங்கிற் சிம்புகளைப் பின்னி, நடுவே அகன்ற இலைகளைப் பரப்பி, ஆமையோடு போன்ற ஒரு மூடியைச் செய்து, உச்சந்தலை முதல் இடுப்பு வரை கவிழ்த்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதற்கு 'க்னூப்' என்று பெயர்.

குடும்ப ஏற்பாடும் நமக்குப் புதுமையாகத் தோன்றும். பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள்; பூர்விக வீடு கடைக்குட்டிப் பெண்ணுக்கு உரியது. இதை அதிர்ஷ்டம் என்று எண்ணுவோர் அவள் பொறுப்பை அறியாதவர்கள். வயதான பெற்றோரைக் காப்பதும், குலத்தின் கிரியைகளைக் குறைவின்றி நடத்துவதும், கணவனை இழந்த அக்காளோ கதியற்ற அண்ணனோ வந்து நின்றால் கதவைத் திறப்பதும் அந்தப் பாத்தியதையோடு சேர்ந்தே வருகின்றன. தாய்மாமன் சொல்லுக்கு அங்கே உள்ள மதிப்பை நம் நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இதைப் பெண்ணரசு என்று கொண்டாடிவிடுவது தவறு. ஊர்ச் சபையிலே பெண்களுக்கு இடம் தராததே பழைய சம்பிரதாயம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் உபசாரம் 'குவாய்'. ஈரம் மாறாத பச்சைப் பாக்கின் துண்டும், சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலையும் தட்டிலே வரும். வாயிலிட்ட சிறிது நேரத்தில் காது மடல் சூடேறி, குளிரிலும் நெற்றி வேர்க்கும். இதற்கு ஒரு கதை உண்டு. செல்வன் ஒருவன் தன் ஏழை நண்பனின் வீட்டுக்கு விருந்தாளியாக வர, உண்ணக் கொடுக்க ஒரு பிடி அரிசியும் இல்லாத நாணத்தால் அந்த ஏழையும் மனைவியும் உயிர்விட்டார்கள். அதைக் கண்ட நண்பனும் மாண்டான். அவர்களைப் பாக்காகவும் வெற்றிலையாகவும் சுண்ணாம்பாகவும் இறைவன் ஆக்கினான், இனி எந்த ஏழையும் விருந்தினர் முன் நாணி நிற்கலாகாது என்று. எத்தனை முறை குவாய் போடுகிற தூரம் என்று வழியை அளப்பதும், காலமானவரை இறைவன் வீட்டிலே குவாய் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் அவர்கள் வழக்கு.

அந்த மலையின் அதிசயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் வேர்ப்பாலத்தையே சொல்லுவேன். கட்டிய மூங்கிற்பாலம் அந்த ஈரத்திலே சில ஆண்டுகளில் உளுத்துவிடும். வெள்ளம் வந்தால் ஒரே இரவில் போய்விடும். ஆகையால் கரையிலே நிற்கும் ஆலினத்து இரப்பர் மரத்தின் இளம் விழுதுகளை, இரண்டாகப் பிளந்து உட்சோறு குடைந்த கமுகந்தண்டிலே வாய்க்காலில் நீர் விடுவதுபோல் விட்டு, அக்கரை நோக்கி நடத்துகிறார்கள். விழுது அக்கரை மண்ணைத் தொட்டு ஊன்றியபின், அதனோடு வேறு விழுதுகளைப் பின்னி, இடைவெளியிலே கல்லை அடுக்குகிறார்கள். மனிதர் பயமின்றி நடக்கப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். அதன்பின் மழை பெய்யப் பெய்ய வேர் தடிக்கிறது. ஆண்டு ஏற ஏறப் பாலம் உறுதியாகிறது. நோங்ரியாட்டிலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாலங்கள் ஒரே மரத்தின் வேரிலே தொங்குகின்றன. கீழே நீர் நுரைத்து ஓடுகையில் பாக்கு மூட்டையும் பலாப்பழமும் சுமந்தவர்கள் மேலே சாவதானமாகப் போகிறார்கள்.

முதல் விழுதை வளைத்தவரின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் நினைவில்லை. அவர் எப்போதோ இறைவன் வீட்டிலே குவாய் போட உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வரும் அவருடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போகிறார்கள்.