பால் கண்ணாடிப் பாத்திரங்கள்



பால்மரத்துப் பாலில் பசும்பால் ஒரு துளியும் கிடையாது. பால் கண்ணாடியிலும் அப்படியே. இரண்டும் வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம் ஒன்றுதான். மரத்துப் பாலில் கண்ணுக்குத் தெரியாத ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. மேலே விழும் ஒளியை அவை நாலாபுறமும் சிதறடிக்கின்றன. நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பால் கண்ணாடிக்குள்ளும் அத்தகைய நுண்துகள்கள் உண்டு. பழைய வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் வெள்ளீயச் சாம்பலைக் கலந்து இதைச் செய்தார்கள். பிற்காலத்தில் எலும்புச் சாம்பலும் ஃபுளோரைடு உப்புகளும் பயன்பட்டன.

வீட்டில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம். ஒரு கிளாஸ் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, இருட்டறையில் டார்ச் விளக்கை ஒருபுறமிருந்து அடியுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் இலேசான நீலம். விளக்குக்கு நேரெதிரே நின்று பார்த்தால் மஞ்சள் கலந்த சிவப்பு. சில பழைய பால் கண்ணாடிகளை வெயிலுக்கு நேரே பிடித்தால் விளிம்பு நெருப்புப்போல மின்னுவதும், அந்திச் சூரியன் சிவப்பதும் இதனால்தான்.

கண்ணாடிக் குழம்பில் கோபால்ட் சேர்த்தால் நீலம், குரோமியம் சேர்த்தால் பச்சை. 1930களில் அமெரிக்காவின் ஜீனெட், மெக்கீ ஆகிய ஆலைகள் பச்சை, நீலப் பாத்திரங்களை இயந்திரத்தில் அழுத்திக் குறைந்த விலைக்கு விற்றன. உலகமே பணமுடையில் கிடந்த காலம் அது. ரப்பர் விலை விழுந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான். ஏழை வீட்டுக்கென்று செய்யப்பட்ட அந்த மங்குகளுக்கு இன்று வசதியுள்ளவர்கள் பெரும்பணம் கொடுக்கிறார்கள். வேடிக்கைதான்!

கால் வைத்த கேக் தட்டு, முத்து முத்தாகப் புடைத்த கிண்ணம், அடைகாக்கும் கோழி வடிவில் மூடி போட்ட பாத்திரம் ஆகியவை விருந்து மேசைக்கு வந்தவை. புடைப்பு வேலைப்பாட்டுக்கு ஃபென்டன் நிறுவனம் பெயர் பெற்றது. 2011இல் அது கண்ணாடி வார்ப்பதை நிறுத்திவிட்டது. வெஸ்ட்மோர்லண்ட் ஆலை 1984இல் மூடப்பட்டதும் அதன் வார்ப்பச்சுகள் பலர் கைக்கு மாறின. அதே அச்சில் புதிய பாத்திரங்களும் வருவதால், வேலைப்பாட்டை மட்டும் பார்த்து 'இது பழசு' என்று ஒருவர் சொன்னால் நம்பி விலை கொடுக்காதீர்கள்.

விலையைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கண்ணாடிக்குள்ளேயே கலந்த நிறம் வேறு, மேலே பூசிய நிறம் வேறு. 1940களில் வந்த பைரெக்ஸ் கிண்ணங்கள் உள்ளே வெள்ளை, வெளியே வண்ணப்பூச்சு. பழங்காலப் பூச்சுகள் பலவற்றில் காரீயம் இருந்தது. பித்தளைக்கு நாம் பூசும் ஈயம் வெள்ளீயம். அதனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரீயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்து அடிக்காலையும் சில்லு பெயர்ந்த இடத்தையும் பாருங்கள். உள்ளேயும் அதே நிறமென்றால் அது கலந்த நிறம். வெள்ளை தெரிந்தால் மேற்பூச்சு. பூச்சு தேய்ந்த, உதிர்கிற பழைய பாத்திரத்தில் சோறோ பலகாரமோ வைக்க வேண்டாம். புளிப்புப் பண்டம் கூடவே கூடாது. அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு இப்படி ஒன்று வேண்டுமென்றால், முழு செட்டும் தேவையில்லை என்பது என் எண்ணம். காலுள்ள தட்டு ஒன்று போதும். நடுவில் அதை உயர்த்தி வைத்து முறுக்கும் நெய்யுருண்டையும் அடுக்கினால் மேசை நிறைந்துவிடும். கொதிக்கும் பாயசத்தை மட்டும் அலங்காரக் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். சூடு பட்ட உட்புறம் சட்டென்று விரியும். வெளிப்புறம் அவ்வளவு வேகமாக விரியாது. கண்ணாடி விரிசல் விடும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததை உடனே வெந்நீரில் கழுவுவதும் அப்படித்தான். வெதுவெதுப்பான நீர், சோப்பு, மெல்லிய துணி இவை போதும். அடுக்கும்போது தட்டுகளுக்கு நடுவே ஒரு தாளை வையுங்கள்.