காவல் நிலையத்துக்குள் ஒரு பட்டறை

ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கும் பையனுக்குப் பட்டறை இருக்கிறது. இரும்பை வைஸில் மாட்டி, அரத்தால் தேய்த்து, அளவு தவறினால் மறுபடி தேய்த்து, தொழிலைக் கையில் ஏற்றிக்கொள்கிறான். சமூகப்பணி படிக்கிறவருக்குப் பட்டறை எது? ரயில்வே பிளாட்பாரம், ஆஸ்பத்திரி, சிறை, காவல் நிலையம் என்று விடை சொன்ன ஒரு நிறுவனம் மும்பையில், கோவண்டியை ஒட்டிய தேவ்னாரில் இருக்கிறது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்பது முழுப்பெயர். ஊருக்கு அது ‘டிஸ்’.

1936-ல் நாக்பாடாவில் தொடங்கியபோது அது ஒரு தொழிற்பள்ளிதான். சர் தோராப்ஜி டாடா பெயரிலான சமூகப்பணிப் பள்ளி. 1954-ல் தேவ்னாருக்கு வந்தது, 1964-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நாற்பதுகளில் அதன் இயக்குநர் ஜே.எம்.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவின் உடன்பிறந்தவர். ஜே.சி. குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு மாத்தர் தாலுகாவில் விவசாயிகளின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். ஜே.எம். பம்பாயில் சமூகப்பணிக்கு ஆள் தயாரித்தார். ஆராய்ச்சி என்றால் செருப்பில் புழுதி ஒட்டும் வேலை என்று நினைத்த குடும்பம் போலிருக்கிறது. தொழிற்கல்விக்கென்று டிஸ் தனிப் பள்ளி தொடங்கியது 2011-ல். ஆனால் முதல் நாளிலிருந்தே அது சொல்லிக்கொடுத்தது ஒரு தொழிலைத்தான்.

இங்கே ஆராய்ச்சி எப்படிப் பிறக்கிறது என்பதில்தான் சுவாரஸ்யம். சமூகப்பணி மாணவர் வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் களத்தில் இருப்பார். ஆண்டுதோறும் மாணவர் மாறுவார், களம் மாறாது. போன வருடம் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிய சிக்கலையே இந்த வருடம் இன்னொருவர் எழுதுவார். இரண்டையும் படிப்பவர் ஒரே ஆசிரியர். ஒரே கேள்வி நான்கைந்து முறை கண்ணில் பட்டால், அது மாணவரின் குறை இல்லை, ஊரின் குறை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்போது அதற்கென்று ஒரு சிறு குழு, கொஞ்சம் பணம், சில வருட அவகாசம். இதற்கு அங்கே பெயர் ‘ஃபீல்டு ஆக்‌ஷன் புராஜெக்ட்’, களச் செயல்திட்டம். நோயாளியைப் பார்த்துக்கொண்டே மருத்துவம் கற்பதைப் போல, சேவை செய்துகொண்டே அந்தச் சேவையை ஆராய்வது.

1098 என்ற எண் அப்படி வந்ததுதான். டிஸ்ஸில் பாடம் நடத்திய ஜெரூ பில்லிமோரியாவுக்குத் தெருவில் வாழ்ந்த பிள்ளைகள் பலரைத் தெரியும். அடிபட்டாலோ போலீஸ் பிடித்தாலோ நள்ளிரவில் அவர் வீட்டுக்கே போன் வரும். ஒருவர் வீட்டு எண் எத்தனை பிள்ளைகளுக்குப் போதும்? காசு போடாமல் அழைக்கும்படி எல்லோருக்கும் ஓர் எண் வேண்டும். 1996-ல் மும்பையில் சோதனை முயற்சியாக சைல்டுலைன் தொடங்கியது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் போவதால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மனதில் நிற்கும். தெருவில் வளர்ந்த இளைஞர்களே பயிற்சி பெற்று அழைப்புகளை எடுத்தார்கள். 1999-ல் ஒன்றிய அரசு அமைச்சகத்தின் ஆதரவோடு தனி அறக்கட்டளை ஆனது. 2023-ல் சேவையை அரசே எடுத்துக்கொண்டது.

எல்லாமே இவ்வளவு வேகமாகக் கை மாறுவதில்லை. 1984-ல் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள் மேசை போட்டு சமூகப்பணியாளர்களை உட்கார வைத்தது டிஸ். வீட்டில் அடி வாங்கிய பெண் புகார் கொடுக்க வரும்போது, காக்கி உடுப்புக்கு முன் இன்னொருவர் உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்பதுதான் சோதனை. பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு என்று அதற்குப் பெயர். குடும்ப வன்முறைச் சட்டம் வருவதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முந்தைய காலம் அது. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் மகாராஷ்டிர அரசின் பெண்கள், குழந்தைகள் துறை அதை மாநிலம் முழுக்க விரித்தது.

அந்த இருபது ஆண்டுச் செலவை யார் கொடுப்பது? கதையின் சிக்கலான இடம் இதுதான். நிரந்தர ஆசிரியரின் சம்பளத்துக்கு யுஜிசி பணம் வரும். களத்தில் உட்காருகிற பணியாளரின் சம்பளத்துக்கு வராது. அதற்கு அறக்கட்டளை நிதி, துறைகளின் திட்டப்பணம், இப்போது சிஎஸ்ஆர். பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிற சட்டம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் அதில் சேர்த்தி. ஆனால் பட்டியலைப் படித்தால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் என்று நிற்கும். காவல் நிலைய மேசை அதில் இல்லை. அதைப் பெண்கள் நலன் என்ற தலைப்பில் கேட்டு வாங்கலாம். பணம் வரும், ஆனால் அது ஆராய்ச்சி என்கிற உண்மை வவுச்சரில் மறைந்துபோகும்.

நெதர்லாந்தில் ‘ஹோகஸ்கூல்’ எனப்படும் தொழிற்பல்கலைக்கழகங்களுக்கும் இதே தலைவலி இருந்தது. நர்ஸ், ஆசிரியர், பொறியாளர் என்று ஆள் தயாரிப்பதுதான் அவற்றின் வேலை, ஆராய்ச்சி பெரிய பல்கலைக்கழகங்களின் சொத்து. 2001-ல் ‘லெக்டர்’ என்று ஒரு பதவியை உருவாக்கினார்கள். அவரைச் சுற்றி நடைமுறை ஆராய்ச்சிக்கென ஆசிரியர் குழு. பிறகு இதற்கென்றே தனி நிதி அமைப்பும் வந்தது. அதன் ‘ராக்’ திட்டத்தில் பணம் கேட்பவர் தன் கேள்வி தொழில் செய்பவர்களிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். தேவ்னாரில் மாணவர் குறிப்பேட்டில் தானாக நடந்ததை அங்கே விண்ணப்பத்தில் விதியாக்கியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பொறாமைதான்.

2024 ஜூன் கடைசியில் டிஸ்ஸில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கும், அதே அளவு அலுவலர்களுக்கும் ஒப்பந்தம் முடிகிறது என்று கடிதம் போனது. அவர்கள் சம்பளத்துக்கான டாடா அறக்கட்டளை நிதி வந்து சேரவில்லை என்பது காரணம். பத்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர்களும் அதில் உண்டு. செய்தி நாடெங்கும் பரவியது. நிதி வரும் என்ற உறுதி கிடைக்க, இரண்டொரு நாளில் கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. அறக்கட்டளையைக் குறை சொல்லிப் பயனில்லை. நன்கொடை என்பது புதுப்பிக்கப்பட வேண்டிய பொருள். ஒரு கேள்விக்கு விடை தேட இருபது ஆண்டு ஆகும்போது, தேடுகிறவரின் வேலைக்கு உத்தரவாதம் அடுத்த ஜூன் வரைதான்.

பணம் கொடுப்பவருக்குப் பிடித்த விடைதானே கிடைக்கும் என்று சந்தேகம் வரலாம். முஸாஃபர்பூரை நினைத்துப் பார்க்கிறேன். பீகார் அரசே தன் காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்ய டிஸ்ஸை அழைத்தது. போனது ‘கோஷிஷ்’ என்ற களச் செயல்திட்டக் குழு. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தில் சிக்கியவர்களோடு 2006 முதல் வேலை செய்து பழகியவர்கள். அடைத்து வைக்கப்பட்டவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது அவர்களுக்குத் தொழில். சுமார் 110 காப்பகங்களைப் பார்த்து 2018-ல் அறிக்கை கொடுத்தார்கள். முஸாஃபர்பூரில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை அதில் இருந்தது. வழக்கு டெல்லிக்கு மாற்றப்பட்டு, 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. செலவு அரசுடையது. அறிக்கை வெளிக்கொண்டு வந்ததும் அரசின் நிதியில் ஓடிய காப்பகத்தைத்தான்.

பவள விழா ஆண்டான 2011-ல் டிஸ் தன் சொந்த வார்டுக்குள் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. கோவண்டி, மான்குர்த், 1927 முதல் நகரத்தின் குப்பையைச் சுமக்கும் தேவ்னார் குப்பைமேடு, பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக இடம்பெயர்க்கப்பட்ட தமிழர்கள் நிறைந்த சீத்தா கேம்ப் எல்லாம் அடங்கிய எம்-கிழக்கு வார்டு அது. 2009-ல் வந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரத்தின் 24 வார்டுகளிலும் கடைசி. குறியீடு வெறும் 0.05. அந்த வார்டுக்குள் நிறுவனம் குடியேறி அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த முறை மாணவர்கள் களத்துக்குப் போக ரயில் ஏற வேண்டியிருக்கவில்லை. கேட்டைத் தாண்டி நடந்தால் போதும்.