பொன்னும் செம்பும்

மீரியபெத்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் புணர்ச்சி இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘செம்பொன்பதின்தொடி’ என்று கரும்பலகையில் எழுதினேன். பழைய உரையாசிரியர்கள் காட்டிய தொடர் அது. ‘செம்பொன் பதின்தொடி’ என்று பிரித்தால் பத்துத் தொடி பொன். ‘செம்பு ஒன்பதின்தொடி’ என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு!

முன்வரிசையில் ஓரிடம் வெறுமையாயிருந்தது. அங்கே அமரும் மாணவன் மாதந்தோறும் தாயுடன் பதுளை ஆஸ்பத்திரிக்குச் சென்று இரத்தம் ஏற்றி வருபவன். தலசீமியா. அவன் நோயைப் பற்றிப் படித்தறிந்தபோதுதான் திடுக்குற்றேன். அங்கும் பிரிப்பதில் நேரும் பிழையே வினையாகிறது.

பரம்பரையலகுகளில் புரதத்துக்குரிய பகுதிகளுக்கிடையே அதற்கு உதவாத இடைப்பகுதிகள் கிடக்கின்றன. ஷார்ப், ராபர்ட்ஸ் என்போர் 1977இல் இதனைக் கண்டனர். 1993இல் நோபல் பரிசு பெற்றனர். டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டதும் கலம் இடைப்பகுதிகளை வெட்டியெறிந்து எஞ்சியவற்றை ஒட்டுகிறது. எங்கே வெட்டுவதென்பதைச் சொல்பவை விளிம்பிலுள்ள சில எழுத்துக்களே.

ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்குரிய பரம்பரையலகில் முதலாம் இடைப்பகுதி 130 எழுத்துக்கள் கொண்டது. அதன் ஐந்தாம் எழுத்து ‘ஜி’. அவ்விடத்தில் ‘சி’ வந்துவிட்டால், வெட்டும் பொறி தடுமாறி அக்கம்பக்கத்துப் போலி எல்லைகளைப் பற்றிக்கொள்கிறது. சரியான படி சிறிதளவே கிடைக்கிறது. இலங்கையின் பீற்றாத் தலசீமியா நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படும் மாற்றம் இதுவே. முதல் எழுத்தே மாறினாலோ சரியான வெட்டு அறவே நிகழாது.

பிழைப்படி ஒன்றை மட்டும் சுமக்கும் தாய்தந்தையர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். இருவருமே சுமப்பவராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கிலொரு வாய்ப்பு உண்டு. திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். பத்துப் பொருத்தமும் பார்க்கிற நாம் இந்தப் பதினோராவதைப் பார்ப்பதில்லை.

மறுநாள் வந்த மாணவனுக்கு இவற்றைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “பிழையா வெட்டுற இடத்தைத் தாள் ஒட்டி மூட ஏலாதா, சேர்?” என்றான்.

வேறொரு நோயில் அப்படித்தான் செய்தார்கள். முள்ளந்தண்டுத் தசைநலிவு நோயாளரிடம், வேண்டிய பகுதியொன்றை ஒதுக்கிவிடச் செய்யும் 15 எழுத்துத் தொடரை ரவீந்திர சிங் முதலியோர் 2006இல் கண்டறிந்தனர். அதனை மூடி மறைக்கும் நுசினெர்சென் என்னும் மருந்துக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. தலசீமியாவுக்கு அத்தகைய மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. அதையும் மறைக்காமற் சொன்னேன்.

தலையசைத்தான். பின், தவறவிட்ட பாடத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினான்.