மடவை ஒண்ணா, பலவா? டி.என்.ஏ சொல்லும் பதில்!

பிச்சாவரம் அலையாத்திக் காடு மாதிரியான கழிமுகங்களில், வேர்களுக்கு நடுவே மீன் குஞ்சுகள் கூட்டமாகத் திரியும். அதில் மடவைக் குஞ்சுகள் எந்தெந்த வகை? செதிலையும் துடுப்பு முள்ளையும் எண்ணிப் பார்க்கும் நிபுணர்களே சில நேரம் திணறுவார்கள்.

ஏன் தெரியணும்?

கடல் மீன்கள் பல, குஞ்சுப் பருவத்தை இங்கேதான் கழிக்கின்றன. எந்த இனம் வளருதுன்னே தெரியாமல் எதைக் காப்பாற்றுவது?

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

துடுப்பில் சின்னத் துண்டு போதும். அதிலுள்ள சி.ஓ.ஐ மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படிக்கிறார்கள். கடையில் பார்கோடு ஸ்கேன் பண்ற மாதிரி, அதைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் இனம் தெரியும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக விஞ்ஞானி பால் ஹெபர்ட் குழு 2003-ல் முன்வைத்த முறை இது.

மடவை கொடுத்த ஷாக்

உலகம் முழுக்க 'மூஜில் செபாலஸ்' என்ற ஒரே பெயரில் இருந்த மடவை, உண்மையில் பல இனங்களின் தொகுப்பு என டி.என்.ஏ ஆய்வுகள் காட்டின. 'ஒரே மீன்தான், நிறைய இருக்கு' என்று பிடித்துக்கொண்டே இருந்தால், அதில் ஓர் இனம் குறைவதே தெரியாது.

தண்ணீரே போதுமா?

மீனின் சளி, கழிவு வழியாக டி.என்.ஏ தண்ணீரில் கலக்கும். ஒரு பாட்டில் தண்ணீரை வடிகட்டியே இனங்களைக் கண்டறியலாம். ஆனால் குஞ்சா, பெரிய மீனா என்று அது சொல்லாது. ஓதம் வேறு இடத்து டி.என்.ஏ-வையும் இழுத்து வரும்.

இன்னொரு சிக்கல்: தரவுத்தளத்தில் பெயர் தப்பாக ஏறினால், விடையும் தப்புதான். முதல் மீனைச் சரியாக அடையாளம் காண, செதில் எண்ணும் அந்த நிபுணர் இன்னும் தேவை.