அவசரப்பட்டால் கால் இழுக்கும்

காலை மணி ஆறு. ரவாங்கில் இன்னும் விடியவில்லை. முன்னும் பின்னும் விளக்குகள் மின்ன, நூற்றுக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் புறப்படக் காத்திருந்தன. ஈப்போ வரை சுமார் 175 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று பழைய கூட்டரசு சாலையில் ஊர் ஊராகத்தான் போக வேண்டும்.

இது போட்டி அல்ல. ரத்தச் சுத்திகரிப்புக்குப் பணம் கட்ட முடியாத சிறுநீரக நோயாளிகளுக்காக நிதி திரட்டும் பயணம். ஏற்பாட்டாளர் இதை மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை தலையாட்டினேன். ஆனால் மனத்துக்குள் எனக்கு வேறு கணக்கு இருந்தது: பகல் 12 மணிக்குள் ஈப்போ!

என் அப்பாவும் சிறுநீரக நோயாளிதான். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, பால் வாளிகளைச் சைக்கிளில் கட்டி ஓட்டியவர். இனிப்புநீர் அவருடைய சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. நம் நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் காரணமே இனிப்புநீர்தான். செவ்வாய், வியாழன், சனி என வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அப்பா இயந்திரத்தோடு இருப்பார். நான் புறப்பட்ட அந்தச் சனிக்கிழமையும் அவருக்கு டயாலிசிஸ்.

மாமாவும் அலுவலக நண்பர்களும் சேர்ந்து, நான் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 20 ரிங்கிட் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முழுத் தூரமும் ஓட்டினால் 3,500 ரிங்கிட். வழியில் உதவி வேனில் ஏறிவிட்டால் கணக்கு அந்த இடத்தோடு நின்றுவிடும்.

புறப்பட்டதும் முதல் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டேன். வேகம் மணிக்கு 33 கிலோமீட்டர். விடியற்காலைக் குளிர்காற்றில், பன்னிரண்டு சைக்கிள்களின் சங்கிலி ஒரே சுதியில் ஓடும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். தஞ்சோங் மாலிமை அடையும்போது மணி ஏழரை. 50 கிலோமீட்டர் போனதே தெரியவில்லை.

அங்கேதான் தப்புச் செய்தேன். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஓட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். நான் மட்டும் முன் வரிசையை விடவில்லை. நிறுத்தத்தில் கொடுத்த வாழைப்பழத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, காத்தை நீங்களே கிழிச்சுக்கிட்டிருந்தா மத்தியானம் கால் இருக்காது. கொஞ்சம் பின்னால வாங்க."

"பரவாயில்ல சார், நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

அவர் சொன்னதில் எளிய அறிவியல் இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ள வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினால், நம் உழைப்பில் பெரும் பகுதியைக் காற்றே தின்றுவிடும். முன்னால் போகிறவரின் நிழலில் ஓட்டினால் ஏறக்குறைய கால் பங்கு சக்தியாவது மிச்சமாகும். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தும், இடையில் எதுவும் சாப்பிடாமல் கடுமையாக ஓட்டினால், இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்குவது கடினம்.

சிலிம் ரிவர் தாண்டியதும் வெயில் ஏறியது. இரு பக்கமும் செம்பனை. சுங்கையை நெருங்கும்போது முதலில் கை நடுங்கியது. பிறகு கண் மங்கியது. கடைசியில் வலது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொண்டது. கூட்டம் என்னை விட்டுவிட்டு ஒரு வளைவில் மறைந்தது. மீட்டரில் 95 கிலோமீட்டர். இன்னும் 80 பாக்கி. அதாவது 1,600 ரிங்கிட்.

சாலையோர ஒட்டுக்கடை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். கடைக்கார மக்சிக் கேட்காமலேயே ஒரு மைலோ ஐஸ் கொண்டுவந்து வைத்து, "பெலான்-பெலான்," என்றார். உதவி வேனுக்கு அழைக்கலாமா என்று கைப்பேசியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா அழைத்தார். ஒரு கையில் ஊசி இருந்தால் மறு கையால் பேசுவார்.

"எங்கடா இருக்க?"

"சுங்கைப்பா. கால் இழுத்துக்கிச்சு."

சிரித்தார். "வேகமா போயிருப்ப. எனக்கும் அப்படித்தான். மூணு கிலோ தண்ணி ஏறிப் போனேன்னா, நாலு மணி நேரத்துல அத்தனையும் எடுக்கணும். அவசரமா எடுத்தா கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிடும், தலை சுத்தும். மிஸ்ஸிகிட்ட சொன்னா வேகத்தைக் குறைப்பாங்க. மெஷினை நிறுத்த மாட்டாங்க. நீயும் குறைச்சுக்க. நிறுத்திடாத."

மூன்று ஆண்டுகளாக அவரை மையத்துக்கு ஏற்றி இறக்கியிருக்கிறேன். கால் இழுக்கும் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். மணிக்கு ஒரு போத்தல் குடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மருத்துவர் அனுமதித்திருப்பது நாள் முழுவதற்கும் ஒரு லிட்டருக்கும் குறைவு.

அரை மணி நேரம் கழித்து எழுந்தேன். பீடோர் வரை 18 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டினேன். அங்கே கொய்யாக் கடை ஓரத்தில் அந்த ஆசிரியரும் இன்னும் ஐந்து பேரும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவர்களை அவர் விட்டுவிட்டாராம். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாழைப்பழத்தை மட்டும் நீட்டினார். இந்த முறை வாங்கிக்கொண்டேன்.

வேகம் தப்பு என்று நான் சொல்லவில்லை. கம்பாருக்குப் பிறகு ஒரு சமதரையில் நாங்கள் ஏழு பேரும் முறை வைத்து முன்னால் ஓட்டி 28 கிலோமீட்டரைத் தொட்டோம். காலையில் 33-இல் போனதைவிட அது இனித்தது.

நீங்களும் இப்படிப்பட்ட பயணத்துக்குப் போக நினைத்தால் சில சொற்கள். முதல் மணி நேரத்தில் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்திலேயே ஓட்டுங்கள். பசிக்கும் முன்னே சாப்பிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும், ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் உப்பும் சேருங்கள். பள்ளம் வந்தால் பின்னால் வருகிறவருக்குக் கையால் காட்டுங்கள். இனிப்புநீரோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஈப்போவை அடைந்தபோது மணி இரண்டு. நினைத்த நேரத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதம். 3,500 ரிங்கிட்டும் சேர்ந்தது. வீட்டுக்கு அழைத்தேன். அப்பா களைப்பில் தூங்குவதாக அம்மா சொன்னார்.

மறுநாள் மாலை அப்பா வாசலுக்கு வந்து என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"காத்து கொஞ்சம் கம்மியா இருக்கு," என்றார். "பம்ப் எங்க?"