எஞ்சினின் உள்நோய்

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பிரிக்காமலே அதன் உள்நோயை அறிதல் இயலுமா? பெரும்பாலும் இயலும். கைதேர்ந்த வினைஞர் முதலிற் கண்ணையும் செவியையும் துணைக்கொள்வர். பின்னரே திருகுகளிற் கைவைப்பர்.

நிக்கோலாஸ் ஆட்டோ என்னும் ஜெர்மானியர் 1876 ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையே பெட்ரோல் எஞ்சின்களில் இன்றும் பெருவழக்காக உள்ளது. பிஸ்டன் உருளையினுள் இறங்குகையில் காற்றும் பெட்ரோலும் உட்புகும். ஏறுகையில் அக்கலவை இறுக்கப்படும். மின்பொறி பட்டதும் அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். பிஸ்டன் மீண்டும் ஏறுகையில் எரிந்த வாயு வெளியேறும். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலுமாயின், ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை தீ மூளுகின்றது. இத்துணைக் கடுமைக்கு உட்படும் உறுப்புகள் தேய்வதில் வியப்பில்லை.

புகையின் நிறமே முதற் சான்று. கரும்புகை, பெட்ரோல் மிகுதியாலோ காற்றுக் குறைவாலோ எழுவது. காற்று வடிகட்டியைத் தூய்மை செய்த அளவிலேயே அது நீங்குவதும் உண்டு. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் தோன்றும் வெண்ணிற ஆவியைக் கண்டு அஞ்ச வேண்டா. எஞ்சின் சூடேறிய பின்னும் அது நில்லாது வருமாயின், ரேடியேட்டர் நீரும் நாள்தோறும் குறையுமாயின், உருளைக்குள் நீர் கசிகின்றது என்று ஐயுறலாம். உருளைத் தலையின் கீழுள்ள காஸ்கெட் பழுதுற்றிருக்கக்கூடும். நீர் குறைந்ததா என்று காண, சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் சீறியெழுந்து முகத்தை வேகச் செய்துவிடும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுப் புகையை ஆராய்தலும் ஆகாது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைக் கொல்வது.

நீலப்புகையோ மசகெண்ணெய் எரிவதன் அறிகுறி. அதனோடு எஞ்சினின் ஆற்றலும் குன்றினால், வினைஞர் பெட்ரோலையும் மின்பொறியையும் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் அளப்பர். ஒன்றில் அழுத்தம் குறைந்திருந்தால் அதனுள் ஒரு கரண்டி மசகெண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். இஃது எளிய சோதனை. ஆயினும் மிக நுட்பமானது. அழுத்தம் உயருமாயின், பிஸ்டன் வளையத்திற்கும் உருளைச் சுவருக்கும் இடைப்பட்ட சந்தை எண்ணெய் அடைத்தது என்பது பொருள்; தேய்வு அங்கேதான் உள்ளது. உயராவிடின், வால்வுகள் தம் இருக்கையிற் செம்மையாகப் பொருந்தவில்லை. அல்லது காஸ்கெட் பழுது. வால்வுகளைத் தேய்த்துப் பொருத்திவிடலாம். சுவரே தேய்ந்து வட்டம் கெட்டிருப்பின், உருளையைக் கடைந்து பெரிய பிஸ்டன் இட வேண்டும். சுவரை அளந்து பாராமல் புதிய வளையங்களை மட்டும் மாட்டி அனுப்புவோரும் உளர். அவ்வண்டியில் நீலப்புகை விரைவில் மீளும்.

எஞ்சினின் அடியிலிருந்து ஆழ்ந்த தட்டொலி எழுந்து, எண்ணெய் அழுத்த விளக்கும் எரியுமாயின் நிலைமை வேறு. ஊர் சென்று பார்த்துக்கொள்வோம் என ஓட்டுதல் பேதைமை. எண்ணெய்ப் படலம் அற்ற பேரிங் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். பிஸ்டனைத் தாங்கும் தண்டு முறிந்து எஞ்சினின் உடலைத் துளைத்து வெளிப்படுதலும் உண்டு. உடனே எஞ்சினை நிறுத்தி எண்ணெயின் அளவைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் குறைவின்றி இருப்பின் மீண்டும் இயக்கிப் பார்த்தல் வேண்டா; வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லுதலே தக்கது.