தண்ணீர் பட்டால் மறையும் கோடு, மறையாத கோடு

பைக் ஒன்று உரசி என் காரின் பின்கதவு நசுங்கிவிட்டது. போன வருடம் அதைச் சரிசெய்ய ஒரு பெயின்டிங் ஷெட்டில் விட்டேன். கருநீல வண்டி. "நாளைக்கே வேணும்" என்று தினமும் போன் செய்தவனும் நான்தான். மூன்றாம் நாள் இரவு, டியூப்லைட் வெளிச்சத்தில் சாவியைக் கையில் கொடுத்தார்கள். கதவில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு சந்தோஷமாக ஓட்டி வந்தேன்.

நான்கைந்து முறை கழுவியிருப்பேன். ஒருநாள் காலை, சாய்ந்த வெயிலில் பார்த்தால் கதவு முழுக்க மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே திசையில், உப்புத்தாள் போன வழியிலேயே ஓடின.

வேறொரு பெயின்டரிடம் கொண்டுபோனேன். முப்பது வருடமாக இதே தொழிலில் இருப்பவர். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைக் கதவின் மேல் ஊற்றினார்.

"நல்லா பாருங்க சார். மேல் பாதியில கோடு மறைஞ்சிடுச்சு. கீழ, பட்டி வெச்ச இடத்துல மறையல. மறையறது மேலாக்க இருக்கு, தேய்ச்சு எடுத்துடலாம். மறையாதது பெயின்ட்டுக்கு அடியில இருக்கு. அது மேல பாலிஷ் போட்டா பாலிஷ்தான் தீரும்."

கோடு என்பது நுண்ணிய பள்ளம். அதன் சுவர்களில் பட்ட வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறுவதால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்து கோடு மறையும். எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷும் இதையே செய்யும். முதல் ஷெட்டில் என் கதவுக்குக் கிடைத்த 'பளபளப்பு' அதுதான். நான்கு முறை ஷாம்பு போட்டதும் எண்ணெய் போய்விட்டது, கோடு அப்படியே நின்றது. வெள்ளை, சில்வர் வண்டியில் இது லேசில் தெரியாது. கறுப்பும் கருநீலமும் ஒன்றையும் மறைக்காது.

அடியில் இருக்கும் கோட்டின் கதை வேறு. நசுங்கிய இடத்தை நிரப்பும் பட்டியை 80, 180 நம்பர் தாள்களால் தேய்ப்பார்கள். அதன்மேல் பிரைமர் அடித்து, 320, 400, 600 என்று படிப்படியாக ஏறவேண்டும். நம்பர் கூடக்கூட தாளின் துகள் சன்னமாகும். அவசரத்தில் நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினாலோ, பிரைமர் முழுக்கக் காய்வதற்குள் தேய்த்தாலோ, அடித்த அன்று எதுவும் தெரியாது. பெயின்ட்டில் இருக்கும் தின்னர் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறும்போது படலம் சுருங்கி, அடியில் உள்ள பள்ளத்துக்குள் இறங்கும். அப்போதுதான் கோடு எழும்பும். அந்த இடத்தைத் திரும்பத் தேய்த்து, திரும்ப பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

சரி, பெயின்ட் அடித்து முடித்த பிறகும் எதற்காகத் தேய்க்கிறார்கள்? ஈரமாக இருக்கும்போது தூசி வந்து ஒட்டும். மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகவும் நிற்கும். அதைச் சமப்படுத்தத்தான் 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர். ஆனால் கைக்கு இருக்கும் இடம் எவ்வளவு தெரியுமா? நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட், கம்பெனி வண்டிகளில் சுமார் 40 மைக்ரான். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். முடியில் பாதிக்குச் சற்று அதிகமான அந்தக் கனத்துக்குள்ளேயே எல்லா வேலையும் முடியவேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தப் படலம்தான். அதை ஒருமுறை தேய்த்துத் தீர்த்துவிட்டால் எந்தப் பாலிஷும் திருப்பித் தராது.

மேல் பாதியை அவர் சரிசெய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த 2000 நம்பர் தாளை ரப்பர் கட்டையில் சுற்றினார். கதவில் சில சொட்டு ஷாம்பு தண்ணீர் விட்டு, நீளவாக்கில் மட்டும் அழுத்தாமல் இழுத்தார். பளபளப்பு போய்க் கதவு பால் படிந்தது போல் மங்கியது. பிறகு 3000 நம்பர் தாளை எடுத்து, இந்த முறை குறுக்குவாக்கில் போட்டார். பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருதரம் ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்துவிட்டு, கண்ணைக் கதவோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். நீளவாக்குக் கோடு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தாலும் அடுத்த வேலைக்குப் போகவில்லை. பெரிய கோட்டைச் சின்னக் கோடாக்கி, சின்னதை அதைவிடச் சின்னதாக்கி, கடைசியில் கண்ணுக்கு எட்டாத அளவுக்குக் கொண்டுபோவதுதான் மொத்த வேலையும்.

பாலிஷ் மெஷினை எடுக்கும் முன் கதவின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டினார். விளிம்பில் பெயின்ட் மெலிசாக இருக்கும், மெஷின் பட்டால் நொடியில் போய்விடும். கம்பளிப் பேடில் காம்பவுண்டு, அடுத்து ஃபோம் பேடில் பாலிஷ். நடுநடுவே புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டார்.

அந்த வாட்டர் பேப்பருக்கும் மாஸ்கிங் டேப்புக்கும் ஒரே பூர்வீகம், அமெரிக்காவின் 3எம் கம்பெனி. பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டுபிடித்த, தண்ணீர் தாங்கும் உப்புத்தாளை 1921இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். தேய்க்கும்போது பறக்கும் தூசியால் அவதிப்பட்ட கார் பெயின்டர்களுக்கு அது பெரிய நிம்மதி. அந்தத் தாளைச் சோதித்துப் பார்க்க ஒரு கார் பட்டறைக்குப் போன 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, இரண்டு நிறம் அடிக்கும் பெயின்டர்கள் நடுக்கோட்டில் படும் பாட்டைப் பார்த்தார். அதைத் தீர்க்க அவர் உருவாக்கிய மாஸ்கிங் டேப் 1925இல் வந்தது. இரண்டுமே பட்டறைக்காரரின் கஷ்டத்தைக் குறைத்தவை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கீழ்ப் பாதியை அன்றைக்குத் தொட அவர் சம்மதிக்கவில்லை. "அஞ்சு நாள் விடுங்க. பிரைமர் காயணும்" என்றார். விட்டேன். எட்டு மாதம் ஆகிறது, எந்த வெயிலிலும் கோடு இல்லை.

உங்கள் வண்டியை பெயின்ட் வேலைக்கு விட்டால், இரவில் டெலிவரி எடுக்காதீர்கள். காலையில் போய், ஷாம்பு போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லி, வெயிலில் நிறுத்திச் சாய்வாகப் பாருங்கள். கேட்ட நாளைவிட இரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.